அழுகலும் அரணும்
குடற் பற்றீரியாவின் அமினோவமில அனுசேபம் பற்றிய ஆராய்ச்சி வரலாறு

மனிதனின் பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் அவன் உண்ட உணவின் எச்சத்தை உண்டு வாழ்வன. காபோவைதரேற்று எச்சம் கிடைக்கும் வரை அவற்றுட் பெரும்பாலானவை அதனையே நொதிக்கச் செய்கின்றன. அது குறைந்த இடத்திற் புரதத்தின் பக்கம் திரும்புகின்றன. சிறுகுடலிற் சமிபாடடையாது தப்பி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 முதல் 18 கிராம் வரையிலான புரதம் பெருங்குடலை அடைகின்றது என்பது உடற்றொழிலியலாளரின் மதிப்பீடாகும். அப்புரதம் அமினோவமிலங்களாகப் பிரிக்கப்பட்டு, அவ்வமிலங்கள் மேலும் சிதைக்கப்படும்போது பலவகைப் பொருட்கள் தோன்றுகின்றன. திரிப்டோபனிலிருந்து இந்தோலும், தைரோசினிலிருந்து பீனோலும் கிரசோலும், சிஸ்தீனிலிருந்து ஐதரசன் சல்பைட்டும் பிறக்கின்றன. குடலழற்சியும் குடற்புற்றுநோயும் தோன்றுவதிலும் தணிவதிலும் இப்பொருட்களுக்குப் பங்குண்டென்பது இன்று ஆய்வாளர் பலராலும் ஏற்கப்பட்ட கருத்தாகும்.

இக்கருத்து அண்மையிற் பிறந்த ஒன்றெனப் பலர் எண்ணுவர். உண்மையில் இதன் வயது நூற்றைம்பது ஆண்டுகளை எட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஓர் இரசாயன உண்மையாகத் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மருத்துவக் கோட்பாடாக வளர்ந்து, சத்திரசிகிச்சைக் கத்தியாக மாறி உயிர்களைப் பலி கொண்டது. பின்னர் மூடநம்பிக்கை எனத் தூக்கி வீசப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட புறக்கணிப்பின் பின் முற்றிலும் வேறான முகத்துடன் மீண்டு வந்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடற் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனால் மாண்டனர். இத்தகைய நோய் பற்றிய ஒரு கருத்து எவ்வாறு பிறந்து, எவ்வாறு பிழைத்து, எவ்வாறு திருத்தம் பெற்றது என்பதை ஆராய்வது வரலாற்று ஆர்வத்துக்கு மட்டும் உரிய செயலன்று. முன்னோர் எவ்விடத்தில் வழுக்கினர் என்பதை அறிவது, பின்னோர் அதேயிடத்தில் வழுக்காதிருக்க வேண்டும் என்பதற்காகவுமாம்.

சிறுநீரிற் கண்ட நீலம்

இவ்வரலாறு குடலிலே தொடங்கவில்லை, சாயத்திலே தொடங்கியது. அவுரிச் செடியிலிருந்து கிடைத்த நீலச் சாயத்தின் அமைப்பை ஆராய்ந்த ஜேர்மானிய இரசாயனவியலாளர் அடொல்வ் வொன் பேயர், 1866இல் அதன் அடிப்படைக் கூறாகிய இந்தோலைப் பெற்றார். அதே இந்தோல் அழுகும் புரதத்திலிருந்தும் வெளிப்படுகின்றது என்பது அடுத்த பத்தாண்டில் தெரியவந்தது. 1877இல் லூட்விக் பிறீகர் என்பவர் மலத்திலிருந்து அதன் உறவுப்பொருளாகிய ஸ்கற்றோலைப் பிரித்தெடுத்தார்.

இக்காலத்திலேயே கேனிக்ஸ்பேர்க்கைச் சேர்ந்த மக்ஸ் யாவே, விலங்கின் உடலில் இந்தோலைச் செலுத்தினால் அதன் சிறுநீரில் இந்திக்கன் என்னும் பொருள் மிகுவதைக் கண்டார். இந்திக்கன் உள்ள சிறுநீருடன் அமிலத்தையும் ஒட்சியேற்றும் பொருளொன்றையும் சேர்த்தால் அவுரியின் நீலநிறம் தோன்றும். குடல் அடைபட்டபோதும் இந்நீலம் கடுமையாயிற்று. ஓய்கன் பௌமன் என்பார், இந்தோல், பீனோல் முதலியவை உடலிற் சல்பூரிக்கமிலத்துடன் இணைக்கப்பட்டுச் சிறுநீரில் வெளியேறுகின்றன என நிறுவினார். குடலில் ஆக்கப்படும் பொருளொன்று குடற்சுவரைக் கடந்து, குருதியிற் கலந்து, ஈரலில் மாற்றமுற்று, சிறுநீரகத்தால் வெளியேற்றப்படுகின்றது என்னும் பாதை இவ்வாறு முதன்முதலாக வரையப்பட்டது. இப்பாதை இன்றும் சரியெனவே கொள்ளப்படுகின்றது.

எஞ்சியிருந்தது, இந்தோலின் தாய்ப்பொருள் யாது என்னும் வினாவாகும். கேம்பிறிட்ஜில் பிரெடரிக் கௌலன்ட் ஹொப்கின்ஸ் என்பாரும் சிட்னி கோல் என்பாரும் 1901இல் திரிப்டோபன் என்னும் அமினோவமிலத்தைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். 1903இல் அவ்விருவரும் அதன் மீது பற்றீரியாக்களைச் செயற்படவிட்டு, இந்தோல் அதிலிருந்தே பிறக்கின்றது எனக் காட்டினர். ஆகவே இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில், ஓர் அமினோவமிலம், அதைச் சிதைக்கும் நுண்ணங்கி, அதனாற் பிறக்கும் பொருள், அது உடலில் செல்லும் வழி என்னும் நான்கும் அறியப்பட்டிருந்தன. அப்பொருள் உடலுக்கு என்ன செய்கின்றது என்னும் ஐந்தாவது செய்தி மட்டும் அறியப்படவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்ப அவசரமாக வந்து சேர்ந்ததே தன்னச்சூட்டக் கோட்பாடாகும்.

தன்னச்சூட்டக் கோட்பாடு

பாரிஸ் நகரின் மருத்துவப் பேராசிரியர் சாள் பூஷார், மனிதன் தன் உடலிற் பிறக்கும் நஞ்சுகளால் ஓயாது அச்சுறுத்தப்படுகின்றான் என்றும், அந்நஞ்சுகளின் முதன்மையான பிறப்பிடம் குடலே என்றும் போதித்தார். அவரது விரிவுரைகள் 1887இல் நூலுருப் பெற்றன. மனிதச் சிறுநீரை முயல்களின் நாளத்திற் செலுத்தி, அவை மடிவதைத் தம் கருத்துக்குச் சான்றாக அவர் காட்டினார். எந்தப் பொருள், எந்த அளவில், எந்த உறுப்பைத் தாக்கிற்று என்னும் விடயங்களை அப்பரிசோதனையிலிருந்து அறிய இயலாதென்பதை அக்காலத்தார் பொருட்படுத்தவில்லை.

இக்கோட்பாட்டுக்கு உலகப் புகழ் தேடித்தந்தவர் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த எலீ மெச்னிக்கோவ் ஆவார். கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்களைப் பற்றிய ஆய்வுக்காக 1908இல் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இப்பேரறிஞர், தமது பிற்காலத்தை மூப்பின் காரணத்தை ஆராய்வதிற் செலவிட்டார். பெருங்குடல் மனிதனுக்குத் தேவையற்ற எச்சவுறுப்பு என்றும், அதில் நிகழும் அழுகலாற் பிறக்கும் இந்தோல், பீனோல் முதலியன குருதிக்குழாய்களைத் தடிக்கச்செய்து மூப்பை விரைவுபடுத்துகின்றன என்றும் அவர் கருதினார். குறுகிய பெருங்குடலையுடைய பறவைகளின் நீண்ட ஆயுளை அவர் ஆதாரமாக எடுத்துக்காட்டினார். புளித்த பாலில் அமிலம் மிகுவதால் அது அழுகுவதில்லை. ஆகவே புளித்த பாலின் பற்றீரியாவைக் குடலிற் குடியேற்றினால் அங்கும் அழுகல் நிற்கும் என்பது அவர் கண்ட பரிகாரம். 1905இல் பல்கேரிய மாணவர் ஸ்ரமென் கிறிகோரொவ் அந்நாட்டுத் தயிரிலிருந்து பிரித்த பற்றீரியா இத்திட்டத்துக்கு உகந்ததாயிற்று. மெச்னிக்கோவின் 1907ஆம் ஆண்டு நூல் ஐரோப்பாவெங்கும் புளித்த பாலுக்கு ஒரு சந்தையையே தோற்றுவித்தது.

மெச்னிக்கோவின் கருத்தில் உண்மையின் கூறுகள் பல இருந்தன. காபோவைதரேற்று நொதித்தலும் புரத அழுகலும் ஒன்றுக்கொன்று போட்டியிடுகின்றன என்பதும், குடலின் அமிலத்தன்மை அழுகலைக் கட்டுப்படுத்தும் என்பதும், குடல்வாழ் நுண்ணங்கிகளின் சமநிலையை உணவினால் மாற்றலாம் என்பதும் இன்று ஏற்கப்பட்டவையே. ஆயின் நச்சுத்தன்மையை அவர் நிறுவவில்லை, ஊகித்தார். பல்கேரியப் பற்றீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழாதென்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து லியோ றெட்ஜர் போன்றோர் பின்னர் காட்டினர்.

கத்தியின் காலம்

ஊகம் நூலளவில் நின்றிருப்பின் அதனால் விளைந்த தீங்கு சிறிதாகவே இருந்திருக்கும். இலண்டன் கைஸ் மருத்துவமனையின் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஆபத்நொட் லேன் அதனைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு எடுத்துச்சென்றார். எலும்பு முறிவுச் சிகிச்சையில் அவர் பெற்றிருந்த திறமையையும் புகழையும் எவரும் மறுக்கவில்லை. மலம் குடலில் நெடுநேரம் தங்குவதால் நஞ்சு ஊறிக் குருதியிற் கலக்கின்றது என நம்பிய அவர், முதலிற் சிறுகுடலைப் பெருங்குடலின் இறுதிப் பகுதியுடன் இணைத்தும், பின்னர் பெருங்குடலையே அகற்றியும் மலச்சிக்கலுக்குச் சிகிச்சை செய்தார். மூட்டுவாதம், களைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மட்டுமன்றிப் புற்றுநோய்க்கும் குடல்தேக்கமே மூலம் என்று அவர் வாதிட்டார். 1913இல் இலண்டன் அரச மருத்துவச் சங்கம் பல அமர்வுகளில் இக்கோட்பாட்டை விவாதித்தது. உடலின் ஏதோவொரு பையிலேயே நோயனைத்தும் பிறக்கின்றன எனக்கூறி அதை வெட்டி நீக்க விழையும் ஒரு வைத்தியரை, பேர்னாட் ஷோ 1906இல் அரங்கேறிய தம் நாடகமொன்றில் நகைப்புக்குரிய பாத்திரமாக்கியிருந்தார்.

அமெரிக்காவில் இது நகைப்புக்கு அப்பாற்பட்ட கொடுமையாயிற்று. நியூஜேர்சி மாநிலத்தின் திரென்ரன் மனநோய் மருத்துவமனையை நடத்திய ஹென்றி கொட்டன், பைத்தியத்துக்குக் காரணம் உடலில் மறைந்துள்ள கிருமித் தொற்றே எனக்கொண்டு, முதலில் நோயாளரின் பற்களையும், பின்னர் பெருங்குடலையும் அகற்றினார். குடல் அகற்றப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மாண்டனர். அவர்களுட் பலர் தம் சம்மதத்தைத் தரும் நிலையில் இருந்தவரல்லர். சிறுநீரிற் கண்ட நீலநிறத்துக்கும் இம்மரணங்களுக்கும் இடையே நாற்பது ஐம்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. அளந்தறிந்த உண்மையொன்று அளந்தறியாத முடிவொன்றுக்குப் பிணை நின்றதால் நேர்ந்த விளைவு இதுவாகும்.

மறுப்பும் மௌனமும்

கோட்பாட்டைச் சாய்த்தவை எளிய பரிசோதனைகளே. 1919இல் வோல்ரர் அல்வாறெஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் கூர்மையான ஒரு வினாவை எழுப்பினார். மலச்சிக்கலுற்றோரின் தலைவலியும் சோர்வும் குருதியிற் கலந்த நஞ்சினால் வருவனவாயின், மலங்கழிந்தபின் அந்நஞ்சு வெளியேற மணிக்கணக்காகும். ஆனால் நோயாளரோ கழித்தவுடனேயே தெளிவடைகின்றனர். ஆதலால் அவ்வறிகுறிகள் குடல் விரிவதால் நரம்புகள் வழியே எழுவன என்றார் அவர். 1922இல் டொனல்ட்சன் என்பவர் தன்விருப்பாளர் சிலரை ஏறத்தாழ நான்கு நாட்கள் மலங்கழிக்காதிருக்கச் செய்து அறிகுறிகளைப் பதிவு செய்தார். பின்னர் நேர்குடலிற் பஞ்சை அடைத்தபோதும் அவ்வறிகுறிகளே தோன்றின. பஞ்சிலிருந்து இந்தோல் பிறப்பதில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இம்மறுப்பு நியாயமானது, தேவையானதுங்கூட. எண்ணற்ற நோயாளரை அது கத்தியிலிருந்து காத்தது. எனினும் அதன் எல்லை எதுவென அக்காலத்தார் உணரத் தவறினர். மலச்சிக்கலின் தலைவலிக்கு இந்தோல் காரணமன்று என்பதே நிறுவப்பட்டது. பற்றீரியா ஆக்கும் பொருட்கள் குடற்சுவர்மீது எவ்வித விளைவையும் உண்டாக்குவதில்லை என எவரும் நிறுவவில்லை. அவ்வாறு வினவிப் பார்த்தவரும் அரிது. தன்னச்சூட்டம் என்னும் சொல் போலி மருத்துவத்தின் அடையாளமாகி, பேதிமருந்து விற்போரின் விளம்பரங்களிற் புகலடைந்தது. மதிப்புள்ள ஆய்வாளர் அப்பக்கம் செல்ல நாணினர். இந்தோல் ஒரு சோதனைக்குழாயின் அடையாளமாகச் சுருங்கிற்று. 1928இல் கோவாக்ஸ் என்பவர் வகுத்த கரைசலைச் சேர்த்ததும் மேற்பரப்பில் தோன்றும் செந்நிற வளையம், ஒரு பற்றீரியா இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய மட்டுமே உதவிற்று. நுண்ணுயிரியல் மாணவர் தலைமுறை தலைமுறையாக அவ்வளையத்தைக் கண்டனர். அப்பொருளைப் பற்றீரியா ஏன் ஆக்குகின்றது என்றோ, குடல் அதை எவ்வாறு உணர்கின்றது என்றோ வினவ அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

இக்காலத்தில் நோய்களைப் பற்றிய அறிவு வேறொரு பாதையில் வளர்ந்தது. 1925இல் கிறோனும் றோசன்பேர்க்கும் நெடுநாட் பெருங்குடற் புண்ணழற்சியுற்ற ஒருவரிற் புற்றுநோய் தோன்றியதைப் பதிவு செய்தனர். அழற்சிக்கும் புற்றுக்கும் உள்ள இத்தொடர்பு பின்னர் உறுதிப்பட்டது. 2001இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இந்நோயுற்றோரிற் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு பத்தாண்டுகளில் 2 வீதமாகவும், இருபதாண்டுகளில் 8 வீதமாகவும், முப்பதாண்டுகளில் 18 வீதமாகவும் உயர்ந்தது. நீடித்த அழற்சியின்போது மேலணிக் கலங்கள் ஓயாது அழிந்து புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு புதுப்பித்தலும் மரபுப்பொருளிற் பிழை நேர்வதற்கான ஒரு வாய்ப்பாகும். ஆகவே அழற்சியைத் தூண்டும் பொருளோ தணிக்கும் பொருளோ, இறுதியிற் புற்றுநோய் பற்றிய வினாவுடன் தொடர்புறாதிருக்க முடியாது.

பெருங்குடலின் இரு பக்கங்கள்

மீட்சிக்கு வழிகோலியவற்றுள் முதன்மையானது உணவைப் பற்றிய சிந்தனையாகும். உகண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் டெனிஸ் பேர்கிற், 1971இல் ஆபிரிக்கக் கிராமத்தவரிற் பெருங்குடற் புற்றுநோய் அரிதாயிருப்பதை அவர்தம் உணவின் நார்ப்பொருளுடன் தொடர்புபடுத்தினார். நார்ப்பொருள் பற்றீரியாவின் உணவு என்பது தெளிவானதும், பற்றீரியாவின் அனுசேபம் மீண்டும் பேசத்தக்க பொருளாயிற்று.

1980இல் ஒக்ஸ்போர்ட்டில் பணியாற்றிய றூடிகர், பெருங்குடலின் மேலணிக் கலங்கள் பற்றீரியா ஆக்கும் பியூற்றிரேற்றையே முதன்மை எரிபொருளாகக் கொள்கின்றன என்றும், புண்ணழற்சியுற்றோரில் அதனை எரிக்கும் திறன் குன்றியுள்ளது என்றும் காட்டினார். நஞ்சின் ஊற்றெனக் கருதப்பட்ட பற்றீரியாக்களே குடற்சுவருக்கு உணவூட்டுகின்றன என்பது பெரியதொரு திருப்பமாகும். 1993இல் அவரும் உடனாய்வாளரும், ஐதரசன் சல்பைட்டு முதலிய கந்தகச் சேர்வைகள் பியூற்றிரேற்றின் எரிவைத் தடுக்கின்றன எனக் கண்டனர். சிஸ்தீன் என்னும் அமினோவமிலம் அச்சல்பைட்டின் மூலங்களுள் ஒன்றாகும்.

அதே காலத்தில் கேம்பிறிட்ஜில் ஜோன் கமிங்ஸ், ஜோர்ஜ் மக்பாலன் முதலியோர், திடீர் மரணமுற்றோரின் குடலடக்கங்களைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தனர். பெருங்குடலின் வலப்பக்கத்திற் காபோவைதரேற்று நொதித்தல் மிகுந்து அமிலத்தன்மை நிலவியது. இடப்பக்கத்தை நோக்கிச் செல்லச்செல்லக் காபோவைதரேற்று தீர்ந்து, அமிலத்தன்மை தணிந்து, பீனோல் முதலிய புரதச் சிதைவுப் பொருட்கள் மிகுந்தன. பெருங்குடற் புண்ணழற்சி நேர்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுவது. புற்றுநோயின் பெரும்பகுதியும் இடப்பக்கத்திலும் நேர்குடலிலும் காணப்பட்டது. இப்பொருத்தம் நிரூபணம் ஆகாது. ஆயினும் வினாவை மீண்டும் எழுப்பப் போதுமானதாயிற்று. மெச்னிக்கோவ் கண்ட நொதித்தலும் அழுகலும் ஒரே குடலின் இரு பக்கங்களில் அருகருகே நிகழ்வதை இவ்வாய்வுகள் அளந்து காட்டின.

இந்தோலின் மறுமுகம்

பற்றீரியாவின் பங்கைத் தனியே பிரித்தறியக் கிருமியற்ற விலங்குகள் தேவைப்பட்டன. 1895ஆம் ஆண்டளவில் பேர்லினில் நட்டோல், தீயர்பெல்டர் என்னும் இருவர் கிருமியற்ற கினிப்பன்றிக் குட்டிகளைச் சில நாட்கள் வரை வளர்த்திருந்தனர். 1940களில் அமெரிக்காவின் நொற்றடேம் பல்கலைக்கழகத்தில் றெய்னியர்ஸ் குழுவினர் கிருமியற்ற எலிகளைத் தலைமுறைகளாகப் பேணும் கலையை வளர்த்தனர். பூஷாருக்கும் மெச்னிக்கோவுக்கும் கிட்டாத ஒப்பீட்டுக் கருவி இதுவேயாகும். 1998இல் வெளியான ஓராய்வில், இன்டர்லியூக்கின் 10 என்னும் அழற்சி தணிக்கும் பொருளை ஆக்க இயலாத சுண்டெலிகள், கிருமியற்ற நிலையில் வளர்க்கப்பட்டபோது குடலழற்சிக்கு ஆளாகவில்லை. பற்றீரியாக்கள் குடியேறியபின்னரே நோயுற்றன.

2009இல் விக்கொவ் முதலியோர் கிருமியற்ற சுண்டெலிகளின் குருதியையும் சாதாரண சுண்டெலிகளின் குருதியையும் ஒப்பிட்டனர். இந்தோல் புரொப்பியோனிக்கமிலம் என்னும் பொருள் கிருமியற்றவற்றில் அறவே இருக்கவில்லை. குளொஸ்ரிடியம் ஸ்போரோஜீனெஸ் என்னும் ஒரேயொரு பற்றீரியாவைக் குடியேற்றியதும் அது குருதியில் தோன்றிற்று. உண்ட திரிப்டோபனின் ஒரு பகுதி பற்றீரியாவின் கைக்குச் சென்று, வேறுருவெடுத்து, விலங்கின் உடலெங்கும் உலாவுகின்றது என்பது இதனால் ஐயந்திரிபற விளங்கிற்று.

அடுத்த ஆண்டில், 2010இல், ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர் எதிர்பாராத ஒரு முடிவை வெளியிட்டனர். குடல் மேலணிக் கலங்களுக்கு இந்தோலை அளித்தபோது அவற்றிடையே உள்ள இறுக்கமான பிணைப்புகள் வலுவடைந்தன. அழற்சியின் அறிகுறிகள் தணிந்தன. லேன் எந்தப் பொருளுக்கு அஞ்சிப் பெருங்குடலை அகற்றினாரோ, அப்பொருளே குடற்சுவரின் காவலனாகத் தோற்றமளித்தது.

இக்காவல் எவ்வாறு நிகழ்கின்றது என்னும் வினாவுக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து கிடைத்தது. டையொக்சின் என்னும் கொடிய நச்சைப் பற்றிக்கொள்ளும் புரதமொன்றை 1976இல் அலன் போலண்ட் முதலியோர் கண்டறிந்திருந்தனர். அரைல் ஐதரோகாபன் வாங்கி எனப் பெயர்பெற்ற அதனை நஞ்சியலாளரே நெடுங்காலம் ஆராய்ந்தனர். திரிப்டோபனிலிருந்து பற்றீரியா ஆக்கும் பொருட்களும் அவ்வாங்கியைத் தூண்டுகின்றன என்பது பின்னரே தெரிந்தது. 2013இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர், இலற்றோபசிலசு இனங்கள் ஆக்கும் இந்தோல் அல்டிகைட்டு அவ்வாங்கி வழியாக இன்டர்லியூக்கின் 22 என்னும் பொருளைச் சுரக்கச்செய்து சீதமென்சவ்வைக் காக்கின்றது எனக் காட்டினர். 2014இல் நியூயோர்க் ஆய்வாளர், இந்தோல் புரொப்பியோனிக்கமிலம் வேறொரு வாங்கி வழியாகக் குடற்சுவரின் தடுப்பாற்றலைப் பேணுவதை நிறுவினர்.

நோயாளரோடு இதனை நேரே தொடர்புபடுத்தியது 2016இல் பாரிஸிலிருந்து வெளிவந்த ஆய்வாகும். அழற்சி நோயுடன் தொடர்புடைய மரபணுவொன்று நீக்கப்பட்ட சுண்டெலிகளின் குடற் பற்றீரியாக்கள் திரிப்டோபனை அவ்வாங்கிக்குரிய பொருட்களாக மாற்ற இயலாதிருந்தன. அச்சுண்டெலிகள் கடுமையான அழற்சிக்கு ஆளாயின. திறனுள்ள இலற்றோபசிலசுகளை அளித்தபோது அழற்சி தணிந்தது. குடலழற்சியுற்ற மனிதரின் மலத்திலும் வாங்கியைத் தூண்டும் ஆற்றல் குன்றியிருந்தது. 2018இல் இலண்டன் பிரான்சிஸ் கிறிக் நிறுவனத்து ஆய்வாளர், மேலணிக் கலங்களில் அவ்வாங்கி இல்லாவிடின் குடலின் தண்டுக்கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிப் புற்றாக மாறக்கூடும் என்பதைச் சுண்டெலிகளிற் காட்டினர். அழற்சியும் புற்றும் அமினோவமில அனுசேபமும் ஒரே வாங்கியிற் சந்தித்தன.

மீண்டும் ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் வரலாறு முற்றுப்பெறின், இந்தோலைத் தூற்றியோர் பிழைத்தனர், போற்றுவோர் வென்றனர் என முடிவு கூறிவிடலாம். ஆனால் பின்வந்த ஆய்வுகள் அவ்வெளிய முடிவுக்கு இடந்தரவில்லை.

2012ஆம் ஆண்டளவில் பொஸ்ரன் குழுவொன்றும் வன்கூவர் குழுவொன்றும் தனித்தனியே பெருங்குடற் புற்றுக்கட்டிகளில் பியூசோபற்றீரியம் நியூக்கிளியேற்றம் என்னும் வாய்வாழ் பற்றீரியா மிகுந்திருப்பதைக் கண்டன. அமினோவமிலங்களையே சிறப்பாக உண்டு, சிஸ்தீனிலிருந்து சல்பைட்டை ஆக்கும் இயல்புடையது அது. சல்பைட்டுங்கூட ஒரு முகமுடையதன்று. மிகச் சிறிய அளவில் அதனைக் குடற்கலங்கள் எரிபொருளாகக் கொள்கின்றன என 2007இல் பிரெஞ்சு ஆய்வாளர் காட்டியிருந்தனர். எரிபொருளை நஞ்சாக்குவது அளவேயாகும்.

2022இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், பற்றீரியா ஆக்கும் இந்தோல் வகைப் பொருட்கள் கணையப் புற்றுக்கட்டியிலுள்ள பெருவிழுங்கிக் கலங்களின் அதே வாங்கியைத் தூண்டி, கட்டிக்கெதிரான நிர்ப்பீடனத்தை மழுங்கச்செய்தன. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலோ, தோற்புற்றுக் கட்டியைச் சென்றடைந்த இலற்றோபசிலசு ஆக்கிய இந்தோல் அல்டிகைட்டு, கட்டியைத் தாக்கும் ரீ கலங்களை அதே வாங்கி வழியாகவே ஊக்கிற்று. 2024இல், பெப்ரோஸ்ரெப்ரோகொக்கசு இனமொன்று திரிப்டோபனிலிருந்து ஆக்கும் இந்தோல் அக்கிரிலிக்கமிலம் பெருங்குடற் புற்றுக்கலங்களை மரணத்திலிருந்து காப்பதாகச் சுண்டெலிகளிற் கண்டறியப்பட்டது. ஒரே அமினோவமிலம், ஒரே குடும்பத்துப் பொருட்கள், ஒரே வாங்கி. கலமும் இடமும் மாறியபோது விளைவு தலைகீழாயிற்று.

முடிவுரை

பூஷார் முதல் இன்று வரையிலான இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு செய்தி புலனாகின்றது. பழைய கோட்பாட்டாளர் எழுப்பிய வினா தவறானதன்று. பற்றீரியாவின் அமினோவமில அனுசேபம் உடலைப் பாதிக்கின்றது என்ற அவர்களின் அடிப்படைக் கருத்து காலத்தை வென்று நின்றது. அவர்கள் பிழைத்தது, ஒரு பொருளுக்கு நஞ்சு என்னும் நிலையான குணத்தைச் சூட்டி, அளவையும் இடத்தையும் உடலின் நிலையையும் ஆராயாது சிகிச்சைக்கு விரைந்த இடத்திலாகும். அவர்களை மறுத்தோர் பிழைத்ததும் இதனையொத்த ஓரிடத்திலேயே: ஒரு சிகிச்சை பொய்யென்று நிறுவியதும், அது எழுந்த வினாவும் பொய்யென்று கொண்டனர். முதற்பிழைக்கு விலையாக நோயாளர் உயிரிழந்தனர். இரண்டாவது பிழையின் விலை எவர் கணக்கிலும் பதியப்படவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் எழுப்பப்படாதிருந்த வினாக்களே அது.

இன்று குடற் பற்றீரியாவை மாற்றியமைப்பதாகக் கூறும் மருந்துகளும் மாத்திரைகளும் உலகச் சந்தையில் மலிந்துள்ளன. இந்தோல் வகைப் பொருட்களை மருந்தாக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. இவற்றின் பின்னுள்ள சான்றுகளுட் பெரும்பகுதி சுண்டெலிகளிலிருந்து பெறப்பட்டதாகும். அழற்சியுற்ற குடலைக் காக்கும் பொருளொன்று, முன்னரே கட்டி தோன்றிவிட்ட உடலில் அக்கட்டியைக் காக்கவுங்கூடும் என்பதை அண்மைய ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. ஆதலின் எப்பொருள், எவ்வளவில், குடலின் எப்பகுதியில், எந்நிலையிலுள்ள நோயாளரில் என்னும் வினாக்களுக்கு மனிதரில் நடத்தப்படும் கட்டுப்பாடான ஆய்வுகள் விடைதரும் வரை, இந்தோலுக்கு நண்பன் என்ற பட்டத்தையும் எவரும் அவசரமாகச் சூட்டலாகாது.

அதுவரை உறுதியாகக் கூறத்தக்கவை சிலவே. 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பதனிட்ட இறைச்சியைப் பெருங்குடற் புற்றுநோய்க்கு நிறுவப்பட்ட காரணிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது. அதற்குரிய காரணங்கள் பலவாகக் கருதப்படுகின்றன. புரதச் சிதைவு அவற்றுள் ஒன்றாயிருக்கலாம். நார்ப்பொருள் நிறைந்த உணவு பெருங்குடலின் நொதித்தலை நீடிக்கச் செய்து, புரதச் சிதைவைக் குறைக்கின்றது என்பதும் அறியப்பட்டதே. இவ்வறிவு புதுமையற்றதாயிருக்கலாம்; ஆயினும் இது எவருடைய குடலையும் அகற்றச் சொல்வதில்லை. சிறுநீரில் தோன்றிய நீலநிறத்தை முதன்முதலிற் கண்டோர் தாம் கண்டதை மட்டும் கூறினர். அவர்கள் காட்டிய அந்நிதானம் அவர்களது கண்டுபிடிப்பைப் போலவே இத்துறைக்கு என்றும் வேண்டப்படுவதாகும்.